திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கு

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31-ந் தேதி இரவு எங்கள் கோயிலில் ஆராதனை நடக்கும். பன்னிரண்டு அடித்ததும் கோபுர மணி ஒலிக்கும். ஒருவருக்கொருவர் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வெளியே வரும்போது, வாசலில் ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வாக்குத்தத்த அட்டை என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வேதாகமத்தில் கடவுள் கொடுத்த வாக்கு ஒன்று அதில் அச்சடித்திருக்கும். கீழே பொடி எழுத்தில் எந்தப் புத்தகம், எத்தனையாவது அதிகாரம், எந்த வசனம் என்று போட்டிருக்கும். அந்த வருஷம் பூராவும் நமக்கு அதுதான். சிலர் நிலைக்கண்ணாடியில் செருகி வைப்பார்கள். என் மாமியார் அரிசி டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைப்பார்கள். தினமும் உலைக்கு அரிசி எடுக்கும்போது கண்ணில் படுமாம்.

பொடி எழுத்தில் இருந்ததை நான் ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை. பெரிய எழுத்தில் இருந்தது போதும் என்று இருந்துவிட்டேன். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மூத்த மகனுக்கு ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் முதல் தடவையாக வலிப்பு வந்தது. அடுத்த மூன்று மாதத்துக்குள் மேலும் இரண்டு தடவை. டாக்டர் பரிசோதனைகள் எல்லாம் செய்துவிட்டு, காலையும் இரவும் கொடுக்கச் சொல்லி ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். "ஒரு வேளைகூட விடக்கூடாது, நல்லா இருக்கான்னு நீங்களா நிறுத்தவும் கூடாது" என்று இரண்டு தரம் சொன்னார். தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன். மருந்து கேட்டது. எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை.

அந்த எட்டு மாதமும் நான் பட்ட பாட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை தூக்கத்தில் புரண்டால் எழுந்து உட்காருவேன். சொந்தக்காரர்கள் காதில் விழுந்துவிடக்கூடாதே என்று மருந்து பாட்டிலை மளிகைச் சாமான்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். இதெல்லாம் முடிந்து போகாதா என்று ஏங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்த வருஷப் பிறப்பு வந்தது. கண்ணை மூடி அட்டையை எடுத்தேன். ஆரோக்கியத்தைத் திரும்பத் தந்து காயங்களை ஆற்றுவதாகக் கடவுள் சொல்கிற வாக்கு. கோயில் வாசலிலேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து மருந்தை நிறுத்திவிட்டேன்.

நிறுத்தியது மட்டுமில்லை. பாட்டிலில் மருந்து குறையாவிட்டால் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? வேளாவேளைக்கு அளந்து மூடியில் ஊற்றி, அதை அடுக்களைத் தொட்டியில் கொட்டினேன். மருந்து கொடுத்தால் கடவுளை நம்பாதது போல ஆகிவிடும் என்பது என் கணக்கு. அந்தக் கையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நடுங்குகிறது.

மூன்று வாரம் தாண்டவில்லை. ஒரு நாள் விடியற்காலம் நாலு மணிக்கு வலிப்பு வந்தது. முன்பெல்லாம் ஒன்றிரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. சற்றே நின்று, பிள்ளை நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள், ஒருவர் வாயில் கரண்டியை வைக்கப் பார்த்தார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு நிறுத்தினார்கள். இரண்டு நாள் பிள்ளை சரியாகப் பேசவில்லை.

(சாவியும் இரும்பும் ஒன்றும் செய்யாது, சகோதரிகளே. வாயில் எதையும் வைக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, பக்கத்தில் இடிபடுகிற சாமான்களை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. இதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.)

அங்கே இருந்த லேடி டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "சாமி கும்பிடுங்க, நான் வேண்டாம்னு சொல்லலையே. ஆனா மருந்தைக் கொட்டச் சொல்லி எந்தச் சாமிம்மா சொன்னது?" என்றார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் பல மாதம் நான் வேதாகமத்தைத் திறக்கவில்லை. கோயிலுக்குப் போவேன், வருவேன். கடவுள் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்ற கோபம். இல்லை, என் விசுவாசம் போதவில்லையோ என்ற பயம். இரண்டும் மாறி மாறி வரும். அட்டையைக் கிழிக்கவும் மனமில்லை. மருந்து டப்பாவுக்குள் போட்டு வைத்தேன்.

எங்கள் ஐயரம்மா, அதாவது குருவானவரின் மனைவி, ஒரு நாள் மத்தியானம் வந்தார்கள். வயதானவர்கள். யாரோ சொல்லி விஷயம் தெரிந்திருந்தது. கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அட்டையைக் காட்டச் சொன்னார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "எரேமியா முப்பது பதினேழு. சரி, பதினாறுல என்ன இருக்கு?" என்று கேட்டார்கள்.

தெரியாது என்றேன்.

"இருபத்தொன்பதாம் அதிகாரத்துல?"

அதுவும் தெரியாது.

"தபால்காரன் பக்கத்து வீட்டுக் கடுதாசியைத் தந்துட்டுப் போனா, யாருக்கு வந்ததுன்னு மேல்விலாசம் பாக்க மாட்டியாம்மா?" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர்கள் கேலியாகச் சொல்லவில்லை. இந்த அட்டை எடுக்கிற வழக்கத்துக்கு மூத்த வழக்கம் ஒன்று உண்டு என்று ஒரு சங்கதி சொன்னார்கள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியர் என்னும் சபையார் 1728-ஆம் வருஷம் நாளுக்கு ஒரு வசனம் என்று வீடு வீடாகச் சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்களாம். 1731-லிருந்து அதைப் புத்தகமாகவே அச்சடித்து வருகிறார்கள், இன்றைக்கும் வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஆனால் அதோடு விடமாட்டார்கள். அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றை உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்து பக்கத்தில் வைப்பார்கள். "பாதி சீட்டு, பாதி யோசனை. நாம சீட்டை மட்டும் வச்சுக்கிட்டோம்" என்று சிரித்தார்கள்.

போகும்போது எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார்கள். வேதத்தில் கடவுள் ஒரே வாக்கைத் திரும்பத் திரும்பச் சொல்கிற இடங்களை எல்லாம் தேடி எழுத வேண்டும். யாரிடம் சொன்னார், அந்த ஆள் அப்போது என்ன பயத்தில் இருந்தான், வாக்கோடுகூட என்ன செய்யச் சொன்னார், எத்தனை வருஷம் ஆனது. நாலு கட்டம் போட்டு எழுது என்றார்கள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள், வேத பண்டிதை அல்ல. பருப்பு வேகிற நேரத்தில் எழுதிய கணக்குத்தான் இது.

முதலில் ஆபிரகாம். சந்ததி தருவேன், தேசம் தருவேன் என்ற வாக்கு ஆதியாகமத்தில் 12-ஆம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. அப்போது அவருக்கு வயது 75. அப்புறம் 13, 15, 17, 18, 22 என்று வந்துகொண்டே இருக்கிறது. 12-லேயே இரண்டு தரம். ஆக என் கணக்கில் ஏழு. ஒரு தடவை சொன்னால் போதாதா? கடவுளுக்கு மறதியா? நாலு கட்டத்தையும் நிரப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. தம்பி மகன் லோத்து நல்ல தண்ணீருள்ள நிலத்தைத் தெரிந்துகொண்டு பிரிந்து போய்விட்டான், தனியாய் நிற்கிறார், அப்போது ஒரு தரம். ராஜாக்களோடு சண்டை போட்டுவிட்டு வந்து, இனி என்ன ஆகுமோ என்றிருக்கிறார். வேலைக்காரன்தான் எனக்கு வாரிசா என்று வாய்விட்டே கேட்கிறார். அப்போது ஒரு தரம். ஒவ்வொரு தரமும் பயம் புதுசு. அதனால் வாக்கும் புதுசாகச் சொல்லப்படுகிறது. ராத்திரி அழுகிற குழந்தையிடம் "அம்மா இங்கதான் இருக்கேன்" என்று நாம் எத்தனை தரம் சொல்கிறோம்? நேற்றே சொன்னேனே என்று கணக்கா பார்க்கிறோம்?

வாக்கு மட்டுமா திரும்ப வருகிறது? 12-ஆம் அதிகாரத்தில் எகிப்தில் உயிருக்குப் பயந்து, மனைவியைத் தங்கை என்று ஒரு பொய் சொல்கிறார். அத்தனை வாக்கையும் கேட்டுவிட்டு 20-ஆம் அதிகாரத்தில் மறுபடி அதே பொய். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

சாராளின் கதையில்தான் நான் அதிக நாள் நின்றேன். வாக்கு கொடுக்கப்பட்டது என்னவோ புருஷனுக்கு. பிள்ளை பெற வேண்டியவள் இவள். ஆனால் இவள் பேரைச் சொல்லி, இவள் வயிற்றில்தான் பிள்ளை என்று தெளிவாகச் சொன்னது 17-ஆம் அதிகாரத்தில், ஆபிரகாமுக்கு 99 வயது ஆனபிறகு. அதற்குள் பொறுமை இழந்து, தன் வேலைக்காரி ஆகாரைப் புருஷனுக்குக் கொடுத்து, வீட்டில் பெரிய ரகளையே நடந்து முடிந்துவிட்டது. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86. அதற்கும் 99-க்கும் நடுவில் 13 வருஷம். அந்தப் பதின்மூன்று வருஷத்தைப் பற்றி வேதத்தில் ஒரு வரி கிடையாது. அட்டை எடுக்கிற நாம் பன்னிரண்டு மாதம் கெடு வைக்கிறோம்.

அப்புறம் ஒரு நாள் நல்ல வெயில் நேரத்தில் மூன்று விருந்தாளிகள் கூடார வாசலில் வந்து நிற்கிறார்கள். ஆபிரகாம் ஓடி வந்து, சீக்கிரம் மூன்று படி மாவு பிசைந்து அப்பம் சுடு என்கிறார். மூன்று பேருக்கு மூன்று படி! புருஷர்கள் எந்தக் காலத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. 89 வயதுக்காரி அந்த உச்சி வெயிலில் மாவு பிசைந்துவிட்டுக் கூடார வாசலுக்குப் பின்னால் நிற்கும்போது, அடுத்த வருஷம் உனக்குப் பிள்ளை என்று அவள் காதில் விழுகிறது. உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறாள். ஏன் சிரித்தாள் என்று கேட்டதும், பயந்துபோய், நான் சிரிக்கவில்லை என்று சாதிக்கிறாள். இந்த இடத்தைப் பிரசங்கங்களில் அவநம்பிக்கைக்கு உதாரணமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தின அதிகாரத்தில் ஆபிரகாமும் முகங்குப்புற விழுந்து சிரித்தவர்தானே? அவரை யாரும் குற்றம் சொல்வதில்லை. பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்று பேர். நகைப்பு என்று அர்த்தம். அவர்கள் நம்பாமல் சிரித்த சிரிப்பையே பிள்ளைக்குப் பேராக வைத்தவர் கடவுள். நம்பிக்கை போதாததால் வாக்கு ரத்தாகிவிடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேனே, அந்தப் பயம் அன்றைக்குப் பாதி போயிற்று.

மீதிப் பாதியை ஆகார் தீர்த்தாள்.

ஆகாருக்கும் வாக்கு இரண்டு தரம் வருகிறது. பலர் கவனிப்பதில்லை, அவள் வேலைக்காரி என்பதால்தானோ என்னவோ. முதல் தரம், வயிற்றுப் பிள்ளையோடு கொடுமை தாங்காமல் ஓடிப் போகிறாள். வனாந்தரத்தில் தண்ணீர் ஊற்றருகே வாக்கு கிடைக்கிறது: உன் சந்ததி எண்ண முடியாதபடி பெருகும். தன்னைக் காண்கிற கடவுள் என்று அவருக்கு அவளே ஒரு பேர் வைக்கிறாள். ஆனால் திரும்பிப் போய் அதே எஜமானியிடம் அடங்கி இரு என்றும் சொல்லப்படுகிறது. அது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. பிடிக்காததைப் பிடித்ததாக எழுத வேண்டாம் என்று நோட்டில் அந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாம் தரம் 21-ஆம் அதிகாரம். இப்போது அவளையும் பையனையும் துரத்தியே விட்டார்கள். கொஞ்சம் அப்பமும் ஒரு தோல் துருத்தியில் தண்ணீரும்தான் கையில். தண்ணீர் தீர்ந்துபோகிறது. பையனை ஒரு செடியின் கீழ் விட்டுவிட்டு, பிள்ளை சாவதைக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்று அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுகிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அப்படித்தான் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போய்ப் பார்க்கத் தைரியமில்லை. பழைய வாக்கு ஆகாருக்கு ஞாபகம் இருந்திருக்காதா? இருந்திருக்கும். இருந்தும் அது அன்றைக்கு உதவவில்லை. அதனால்தான் மறுபடி சொல்கிறார். சொல்வதற்கு முன்னால் ஒரு வேலையும் சொல்கிறார்: எழுந்திரு, பிள்ளையைத் தூக்கு, கையில் பிடித்துக்கொள். அதற்கப்புறம்தான் அவள் கண் திறக்கிறது, கிணறு தெரிகிறது. அந்த இடத்தில் கிணறு புதிதாகத் தோண்டப்பட்டதாக எழுதவில்லை. அவள் அதைப் பார்த்தாள் என்றுதான் இருக்கிறது.

அளவு மூடியும் மருந்து பாட்டிலும் என் அடுக்களையில்தானே இருந்தன? நான்தான் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கட்டத்தை, அதாவது என்ன செய்யச் சொன்னார் என்பதை, நிரப்ப நிரப்ப எனக்கு வெட்கமாகப் போயிற்று. யாக்கோபைப் பாருங்கள். கல்லைத் தலையணையாக வைத்துப் படுத்த ராத்திரி பெத்தேலில் அவனுக்கு ஒரு வாக்கு கிடைக்கிறது, எங்கே போனாலும் நான் உன்கூட இருக்கிறேன் என்று. 20 வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பும்போதும் அதே வாக்கு. ஆனால் அண்ணன் ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்றதும் உயிர் போகிறது யாக்கோபுக்கு. அந்த ராத்திரி அவன் ஜெபம் பண்ணும்போது, நீர் இப்படிச் சொன்னீர் அல்லவா என்று வாக்கைக் கடவுளுக்கே ஞாபகப்படுத்துகிறான். அதற்காகச் சும்மா இருந்தானா? கூட வந்த ஜனங்களையும் ஆடுமாடுகளையும் இரண்டு பிரிவாகப் பிரிக்கிறான், ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சட்டும் என்று. அண்ணனைச் சமாதானம் பண்ண வெள்ளாடு, செம்மறியாடு, ஒட்டகம், மாடு, கழுதை என்று ஐந்நூறுக்கு மேல் வெகுமதியாக, மந்தை மந்தையாக இடைவெளி விட்டு அனுப்புகிறான். வாக்கும் இருக்கிறது, ஏற்பாடும் இருக்கிறது. ஏற்பாடு பண்ணினாயே, நம்பிக்கை இல்லையா என்று கடவுள் கோபித்ததாக எங்கும் இல்லை. 130 வயதில் எகிப்துக்குப் போகும்போது கிழவனுக்கு மறுபடி பயம். மறுபடி அதே வாக்கு. இடுப்புச் சுளுக்கி நொண்டிக்கொண்டே நடந்தவன் அவன். வாக்கு கிடைத்தவன் நொண்டக்கூடாது என்று ஒன்றும் சட்டமில்லை.

கிதியோன், மோசே, யோசுவா எல்லாரும் நோட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது.

எசேக்கியா ராஜாவை மட்டும் விட முடியாது. சாகக் கிடந்தவருக்கு இன்னும் 15 வருஷம் ஆயுசு கூட்டித் தருவதாக ஏசாயா தீர்க்கதரிசி மூலம் வாக்கு வருகிறது. வாக்கு வந்த கையோடு அதே தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார். எங்கள் வீட்டில் கட்டிக்கு மஞ்சளும் வெங்காயமும் வைத்துக் கட்டுவது போல! இதைப் படித்த அன்று ஐயரம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "நீயா கண்டுபிடிக்கட்டும்னுதான் நான் சொல்லலை" என்றார்கள்.

கடைசியில் என் அட்டைக்கு வந்தேன். எரேமியா. அந்த வாக்கு எனக்குச் சொன்னதே இல்லை. சீயோனுக்கு, சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போன ஜனங்களுக்கு, கேட்பாரற்றவள் என்று ஊரார் பேசிய ஒரு நகரத்துக்குச் சொன்னது. அதற்கு முந்தின அதிகாரத்தில் எரேமியா அந்த ஜனங்களுக்கு ஒரு கடிதமே எழுதுகிறார். உங்களைப் பற்றி நான் நினைப்பதெல்லாம் நல்ல நினைப்புத்தான், தீமை அல்ல என்று கடவுள் சொல்கிற வசனம் அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. 11-ஆம் வசனம். அட்டைகளிலும் காலண்டர்களிலும் அடிக்கடி கண்ணில் படும். அதற்கு முன் வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. 70 வருஷம் ஆகும் என்று அதில் இருக்கிறது. அதுவரை என்ன செய்ய வேண்டும்? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற ஊரின் நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கள். பொறுமையாக இரு என்பதற்கு இவ்வளவு நுணுக்கமான விளக்கம் நான் வேறெங்கும் படித்ததில்லை.

அதற்கும் முந்தின 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். எல்லாம் இரண்டே வருஷத்தில் சரியாகிவிடும் என்று கடவுள் பேரைச் சொல்லி ஜனங்களுக்குச் சொல்கிறான். கேட்க எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்! அவன் சொன்னது பொய். எழுபது என்ற கசப்பைச் சொன்னவர்தான் உண்மையான தீர்க்கதரிசி. எனக்கு அட்டையில் கிடைத்தது எரேமியாவின் வாக்கு. அதை நான் அனனியாவின் குரலில் படித்துவிட்டேன்.

அப்படியானால் அது எனக்குச் சொந்தமில்லையா என்று ஐயரம்மாவைக் கேட்டேன். அவர்கள் யோசித்துச் சொன்னார்கள்: "கல்யாணத்துக்குப் போகையில அக்கா சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கிறோம். அழகாத்தான் இருக்கு, போட்டுக்கலாம். யாரோட சங்கிலிங்கிறது மறந்துறக்கூடாது. அடகு வச்சிறவும் கூடாது."

அடுத்த வீட்டு மாமி வைஷ்ணவர். ஒரு சாயங்காலம் பூ கட்டிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களிடமும் சரம சுலோகம் என்று மூன்று உண்டாம். வராகப் பெருமாள் பூமிதேவிக்குச் சொன்னது ஒன்று, விபீஷணன் வந்து சரணடைந்தபோது ராமர் சொன்னது ஒன்று, கீதையின் கடைசி அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்குச் சொன்னது ஒன்று. மூன்றும் வெவ்வேறு காலம், வெவ்வேறு ஆள். மூன்றிலும் என்னை அண்டினவரை நான் காப்பேன் என்பதுதான் சாரம் என்றார்கள். "அர்ஜுனனுக்கு அத்தனையும் சொல்லிட்டு, போய்ப் படுத்துக்கோன்னா சொன்னார்? வில்லை எடுன்னுதானேடி சொன்னார்" என்று மாமி சொன்னபோது, நான் நோட்டின் மூன்றாவது கட்டத்தைக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மகனுக்கு இப்போது பதினாறு வயது. பூரண குணமா என்று கேட்பீர்கள். நடுவில் இரண்டரை வருஷம் ஒரு தடவைகூட வலிப்பு வராமல் இருந்தது. டாக்டரே பார்த்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மருந்தை நிறுத்தினார். இந்தத் தடவை தொட்டியில் கொட்டவில்லை! நாலு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தோம். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. நோட்டை எடுத்து ஆகார் பக்கத்தை மறுபடி படித்தேன். முன்னே படித்ததுதான், இருந்தாலும் அன்றைக்கும் வேண்டியிருந்தது. இப்போது இரண்டு வேளை மாத்திரை, அவனே எடுத்துக்கொள்கிறான். மூன்று வருஷமாக வரவில்லை. சைக்கிளில் தனியாக அனுப்புகிறதா வேண்டாமா என்று எனக்கும் அவனுக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது.

வருஷப் பிறப்பு ராத்திரி நான் இப்போதும் அட்டை எடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் பொடி எழுத்தைப் பார்த்து அந்த அதிகாரம் முழுதும், முன்னும் பின்னுமாக ஒன்றிரண்டு அதிகாரமும் படித்துவிட்டுத்தான் படுப்பேன். தூங்க மூன்று மணி ஆகிவிடும். வீட்டுக்காரர் விளக்கை அணை என்று முனகுவார்.

இந்த வருஷம் ஜனவரி முதல் வாரத்தில், எங்கள் தெருவில் இருக்கிற ஒரு சின்னப் பெண் அட்டையோடு வந்தாள். அவள் குழந்தைக்கு நாலு வயது, ஓயாத இழுப்பு. டாக்டர் தினமும் உறிஞ்சச் சொல்லி ஒரு பம்பு கொடுத்திருக்கிறார். அக்கா, எனக்கு என்ன வந்திருக்கு பாருங்க என்று கண்ணெல்லாம் மின்ன அட்டையை நீட்டினாள். பார்த்தேன். எரேமியா முப்பது பதினேழு.

"நல்ல வசனம்மா. உக்காரு, சொல்லுதேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இன்னைக்குப் பிள்ளைக்குப் பம்பு வச்சியா?"

அவள் பதில் சொல்லாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். நோட்டை அப்புறம்தான் திறந்தோம்.